நீலமெல்லாம் காயாம்பூ அல்ல

சித்திரை பிறந்து, அழகர் மதுரைக்குப் புறப்படும் நாள் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு ஒரு கேள்வி ஆண்டு தவறாமல் வந்துவிடும். அழகர்கோவிலுக்குப் போனவர்கள், சிறுமலைக்குப் போனவர்கள், ஊர்க் கோவில்காட்டில் பொங்கல் வைக்கப் போனவர்கள் எனப் பலரும் போனில் எடுத்த ஒரு நீலப் பூவின் படத்தை அனுப்பி, “இது காயாம்பூதானே?” என்று கேட்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் சங்குப்பூ, இல்லாவிட்டால் நொச்சி. அபூர்வமாக ஒரு படத்தில் உண்மையான காயா இருக்கும். அதை அனுப்பியவருக்குத்தான் சந்தேகம் எல்லாரையும்விட அதிகம். ‘பூ இத்தனை சின்னதாக இருக்கிறதே, வேறு ஏதாவதா?’ என்று எழுதியிருப்பார்.

பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பெயர் எல்லாருக்கும் தெரியும், செடியைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் நீலமாக எது பூத்தாலும் அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறோம். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பூ கிளையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிறகு இதழை எண்ணுங்கள். அதன்பிறகு இலைக்கு வாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைகூடக் காயாவைத் தவறவிடாது.

எங்கே தேடுவது, எப்போது தேடுவது

மதுரை நகருக்குள்ளும் கண்மாய்க் கரைகளிலும் தேடாதீர்கள். சீமைக் கருவேலம் மண்டிய பொட்டலிலும் இது கிடைக்காது. காயா காட்டுச் செடி. மழை குறைந்த ஊர்களில் இருந்தாலும் ஆண்டு முழுக்கப் பச்சை மாறாமல் நிற்கும் அடர்ந்த குறுங்காடுதான் இதன் வீடு. கிழக்குக் கடற்கரையோரம் புதுச்சேரிக்கு அருகே புதுப்பட்டு அய்யனார் கோவில்காடு முதல் கோடியக்கரை வரை இந்த வகைக் காடு துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது. அங்கெல்லாம் காயா ஏராளம்.

நம் பக்கத்தில் அழகர்மலையும் சிறுமலையும் அவற்றின் அடிவாரத்துக் கோவில்காடுகளும்தான் தேட வேண்டிய இடங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே, காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கிறது. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதற்கு அடுத்ததாக 2025 மார்ச்சில் காசம்பட்டிக்கு அந்தத் தகுதி கிடைத்தது. அப்போது அந்தக் காட்டின் சிறப்பான தாவரமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது காயா. நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு காடு இருப்பதே மதுரைக்காரர்கள் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பூக்கும் காலம் மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை. இடையில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால், அதை ஒட்டித் தேடிப் போகலாம். ஒரு செடியின் மொட்டெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விரிந்து, சில நாளில் எல்லாம் முடிந்துவிடும். போன வாரம் போனவர் ‘மலையே நீலம்’ என்பார். அதை நம்பி இந்த வாரம் போகிறவர் பச்சை இலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் பூ இல்லாத செடியையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

காலையில் போங்கள். இதழ்கள் மென்மையானவை, சீக்கிரம் உதிர்ந்துவிடும். கிளையில் எதுவும் தெரியாமல் அடியில் மட்டும் மண் நீலம் பாரித்துக் கிடந்தால் தலையைத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் நிற்பது காயாவின் அடியில்.

பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நாம் அன்றாடம் பார்க்கும் பெரும்பாலான செடிகளில் பூ கிளையின் நுனியிலோ, இலைகளுக்கு நடுவிலோ இருக்கும். காயாவில் இலைக்குக் கீழே, ஏற்கெனவே இலை உதிர்ந்து வெறும் குச்சியாக இருக்கும் பகுதியில்தான் பூக்கள் அதிகம். கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக, குச்சியை ஒட்டி மொய்த்திருக்கும். இலைக் கக்கத்திலும் சில கொத்துகள் வரும். ஆனாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது மேலே பச்சை, கீழே நீலம் சுற்றிய குச்சிகள் என்றுதான் தெரியும். நம் பக்கத்துக் காட்டில் நீலப் பூவோடு இப்படி நிற்கும் செடி வேறு எதையும் நான் பார்த்ததில்லை. இந்த ஒரு அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே எனக்கு வரும் படங்களில் முக்கால்வாசியை நீங்களே தள்ளிவிடலாம்.

கிட்டே போய் ஒரு கொத்தைப் பாருங்கள். பறிக்க வேண்டாம், கிளையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். ஒரு பூவின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இதழ் நான்கு. ஐந்து இதழ் எண்ணினீர்கள் என்றால் அது காயா இல்லை. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. இதழ்களுக்கு நடுவே எட்டு மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு சூல்தண்டு. குண்டூசி மெத்தையில் நீலத் தலைக் குண்டூசிகளைச் செருகி வைத்தது போல் கொத்து முழுக்க இந்தத் தாள்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். தாள்களும் நீலமாகவே இருப்பதால் கொத்துக்கு அந்த ஆழமான நிறம் வருகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் கையில் இருந்தால், மகரந்தப் பையின் முதுகில் ஒரு நுண்ணிய சுரப்பி இருப்பதையும் பார்க்கலாம். காயாவின் இனத்துக்கே உரிய அடையாளம் அது. தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் வரக் கூடாது.

இதழ்களைத் தாங்கும் புல்லிவட்டம் சிறு கிண்ண வடிவில் இருக்கும், நிறம் வெளிர்சிவப்பு. பூக்காம்பும் அப்படியே. மொட்டாக இருக்கும்போதும் இதழ் உதிர்ந்த பிறகும் கொத்து நீலமாகத் தெரியாது, இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். முந்தின நாள் நீலமாகப் பார்த்த செடியை மறுநாள் பார்த்து, இது வேறு செடி என்று நடந்துவிடுகிறார்கள். ஒரே செடியில் மொட்டு, மலர், இதழ் உதிர்ந்த கிண்ணம் மூன்றும் இருக்கும் நாளில் பார்க்க வாய்த்தால் நின்று பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு எந்த நிலையில் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

காயா என்று நினைக்கவைக்கும் மற்றவை

முதலில் சங்குப்பூ. காக்கணம் என்றும் சொல்வோம், பழைய பெயர் கருவிளை. இது கொடி. வேலியில் படரும். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள். பூ பெரியது, அகன்ற ஒரு மடல்தான் கண்ணை நிறைக்கும். காய் அவரை போலத் தட்டையாக இருக்கும். காயா மரவகைக் குறுஞ்செடி, கொடியாகப் படராது. இந்த இரண்டையும் ஒன்றாக்குவது இன்று இணையத்தில் சாதாரணமாக நடக்கிறது. காயாம்பூ என்று தேடினால் சங்குப்பூப் படம் வந்து நிற்கிறது. ஆண்டாள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலையைப் பாடும் பதிகத்தில் கருவிளை மலரையும் காயா மலரையும் தனித்தனியாக அழைக்கிறாள். இரண்டுக்கும் திருமாலின் நிறம் இருப்பதை அறிந்தே, இரண்டையும் வேறு பூக்களாக வைத்திருக்கிறாள். திருமாலிருஞ்சோலை என்பது நம் அழகர்மலைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரண்டு செடிகளும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அடுத்தது விஷ்ணுகிராந்தி. பெருமாள் பெயர் இதிலும் இருப்பதால் வரும் குழப்பம். தரையோடு தரையாகப் படரும் சிறுபூண்டு, ரோமம் அடர்ந்த சிறிய இலை, வட்டமான வெளிர்நீலப் பூ. நீங்கள் குனிந்து படம் எடுத்திருந்தால் அது காயாவாக இருக்க வழியில்லை. காயா பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், சில இடங்களில் சிறு மரமாகவே நிற்கும்.

நொச்சியை யாரும் எளிதில் ஒதுக்கிவிடலாம். இலை விரல்விரலாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசம். பூக்கள் கிளை நுனியில் நீண்ட கதிராக வரும். ஆனால் அழகர்மலையில் நொச்சியின் உறவான மயிலடி மரமும் உண்டு. அதுவும் இதே கோடையில்தான் நீலம் தோய்ந்த வெண்பூக்களோடு நிற்கும். ‘காட்டில்தான் எடுத்தேன், மரமாகத்தான் இருந்தது, நீலமாகவும் இருந்தது’ என்று அழுத்திச் சொல்லி வரும் படங்களில் மயிலடி அதிகம். அதன் இலை மூன்று மூன்று சிற்றிலைகளாக இருக்கும். காயாவின் இலை தனி இலை, பிரிவே கிடையாது.

ஊருக்குள் சாலையோரம் நட்டிருக்கும் பூமருதுக்குக் கசங்கிய துணி போன்ற ஆறு இதழ்கள். ஜகரண்டாவுக்குக் குழல் போன்ற பூவும் இறகு போன்ற இலையும். இவற்றை அதிகம் விவரிக்கத் தேவையில்லை.

கொடைக்கானல் போய்வந்தவர்கள் அனுப்பும் ஒரு படம் மட்டும் சுவையானது. தோட்டங்களில் வளர்க்கும் திபூச்சினா, ஊதா நிறத்தில் ஐந்து பெரிய இதழ்கள். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இந்தத் தென்னமெரிக்கச் செடி காயாவுக்குத் தூரத்து உறவு. இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலான செடிகளின் இலையில், அடியிலிருந்து நுனிவரை மூன்று அல்லது ஐந்து நரம்புகள் வளைந்து ஓடும். திபூச்சினாவில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். காயாவில் அது கிடையாது. தன் குடும்பத்தின் முத்திரையைத் தன் இலையில் காட்டாத செடி இது.

பூ இல்லாதபோது

ஆண்டில் பெரும்பகுதி காயா பூ இல்லாமல்தான் நிற்கிறது. ஆகவே இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

இலைகள் கிளையில் எதிரெதிராக, இணை இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே நம் குறுங்காட்டின் பெரிய கூட்டம் விலகிவிடும். வீரை, உலக்கைப்பாலை, இரும்பிலி, காட்டு எலுமிச்சை எல்லாமே காயாவைப் போலத் தடித்த, கரும்பச்சையான, பளபளக்கும் இலை உடையவை. ஆனால் அவற்றில் இலைகள் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். உலக்கைப்பாலையில் இலையைக் கிள்ளினால் பாலும் வரும். காயாவில் பால் இல்லை, முள் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான வாசமும் இல்லை.

எதிரிலை உடையவற்றில் காயாவோடு குழம்புவது நாவல் கன்று. இரண்டு அடையாளங்களால் பிரிக்கலாம். நாவல் இலையில் பக்க நரம்புகள் நெருக்கமாக ஓடி, விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒரு கோட்டில் போய்ச் சேரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நன்றாகத் தெரியும். கசக்கினால் நாவலுக்கே உரிய வாசமும் வரும். காயா இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் நடு நரம்பைத் தவிர மற்றவை தெளிவாகத் தெரியாது. இலையின் மேல்புறம் வழவழப்பான கரும்பச்சை, அடிப்புறம் வெளிறிய பச்சை, காம்பு மிகக் குட்டை. பாவட்டையும் எதிரிலைதான். அதில் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டில் ஒரு சிறு செதில் இருக்கும், இலையை வெளிச்சத்தில் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். காயாவில் இரண்டும் கிடையாது.

பிறகு பழைய குச்சியைத் தடவிப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே கணுக்களில் பூத்துப் பூத்து அங்கே சிறு முடிச்சுகள் எழும்பியிருக்கும். தை மாதத்தில், ஒரு மொட்டுகூட இல்லாத நாளில், காயாவை அடையாளம் காண எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்த முடிச்சுகள்தான். அடியில் கிடக்கும் சருகையும் பாருங்கள். காயா இலை காய்ந்தால் பழுப்பை விட மஞ்சள்பச்சை தூக்கலாக இருக்கும். இந்தச் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சோழமண்டலக் கடற்கரைச் சாயக்காரர்கள் இதன் இலையைச் சாயவேரோடு சேர்த்துப் பயன்படுத்தியதற்குக் காரணமும் அதுவே. சாயவேரின் சிவப்பு துணியில் பிடித்து நிற்க அலுமினியச் சத்து வேண்டும். படிக்காரம் செய்யும் வேலையை இந்த இலை செய்தது. அவர்கள் இதைக் காசா, காசான் என்றார்கள். இன்றும் சில ஊர்களில் காயா என்று கேட்டால் தெரியாது என்பவர்கள், காசான் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அஞ்சனி என்றும் ஒரு பெயர் உண்டு. பழைய நூல்களில் பூவை என்று வருவதும் இதுதான்.

காய்க்கும் பருவத்தில் போனால் வேலை எளிது. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைக் காய், அதன் தலையில் பழைய புல்லிவட்டத்தின் விளிம்பு வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழுத்தால் கருநீலம். உள்ளே ஒரே விதை. விதையைக் குறுக்கே வெட்டினால் விதையிலைகள் கசக்கி மடித்துத் திணித்தது போலச் சுருண்டிருப்பதைக் காணலாம். பழத்தைச் சாப்பிடலாம், துவர்ப்போடு லேசான இனிப்பு. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த பழம்தான். ஆனால் அடையாளம் முழுதாக உறுதியாகாத எந்தக் காட்டுப் பழத்தையும் வாயில் வைக்காதீர்கள். மலையில் குரங்குகளும் சின்னான் குருவிகளும் இதைத் தின்கின்றன என்பதை வைத்து நமக்கும் ஆகும் என்று முடிவுகட்டக் கூடாது. குருவி தின்னும் பழங்களில் நம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவையும் உண்டு.

படம் எடுக்கும் முறை

அனுப்புகிற எல்லாரும் பூவை மட்டும், அதுவும் திரை நிறைய, எடுத்து அனுப்புகிறீர்கள். அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. போன் கேமராக்கள் நீலத்தை ஊதாவாக்கிவிடுகின்றன. நிழலில் எடுத்தால் ஒரு நிறம், வெயிலில் எடுத்தால் வேறு நிறம். நான்கு படங்கள் எடுங்கள். முழுச் செடி ஒன்று. பூக்கொத்து கிளையில் அமர்ந்திருக்கும் இடம் தெரியும்படி, அருகிலுள்ள இலைகளோடு ஒன்று. ஒரே பூவை நேர் எதிரே வைத்து, இதழை எண்ணும்படி ஒன்று. இலையின் மேல்புறமும் அடிப்புறமும் சேர்த்து ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயத்தையோ விரலையோ வைத்தால் அளவு புரியும். எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்ற செயலிகளைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் அவை தரும் முதல் பெயரை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பெயருக்குரிய இதழ் எண்ணிக்கையும் இலையமைப்பும் உங்கள் செடியோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். ஐநேச்சுரலிஸ்டில் பதிவிட்டால் செடியறிந்த மனிதர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அந்தப் பதிவு பின்னால் ஆராய்கிறவர்களுக்கும் உதவும்.

அறிவியல் பெயர் கேட்பவர்களுக்கு: மெமிசைலான் அம்பெல்லேட்டம். சில நூல்களில் மெமிசைலான் எடுலே என்று பார்ப்பீர்கள். அது சோழமண்டலக் கரையின் செடிகளைப் படம் வரைந்து வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க் கொடுத்த பெயர். இரண்டும் ஒன்றா வேறா என்பதில் வல்லுநர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் போனால் இதே இனத்தில் வேறு பல சிற்றினங்களும் இருக்கின்றன. அங்கே எடுத்த படத்துக்கு ‘மெமிசைலான் இனம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையானது. அதற்குமேல் துல்லியம் வேண்டுபவர்கள் உலர்தாவரத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மாத்யூ உருவாக்கிய ரபினாட் தாவரத் தொகுப்பும், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பும் நமக்கு அருகில் உள்ளவை. மாத்யூ 1999இல் வெளியிட்ட பழனிமலைத் தாவர நூல் நம் பக்கத்து மலைகளுக்கு மிகவும் பயன்படும். கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு ஆகுமா?

காசம்பட்டி அறிவிப்பு வந்தபிறகு இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. காயா இலையை நாட்டு வைத்தியத்தில் கண்நோய் முதலியவற்றுக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் அழற்சிக்கும் இதன் சாற்றை ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சாறு வேலை செய்வது வேறு, நீங்கள் வீட்டில் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வேறு. அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் இலை என்று மேலே சொன்னேன், அதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன்.

இலையைப் பறிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அழகர்மலை காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி அங்கே இலை, காய், குச்சி எதையும் அனுமதியின்றி எடுத்துவருவது குற்றம். நூபுர கங்கைக்கு ஏறும் சாலையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம். கோடையில் காட்டுத்தீ பயமும் உண்டு, பாம்பும் உண்டு. சாலையோரத்திலேயே பார்க்கக் கிடைக்கும். கோவில்காட்டுக்குப் போனால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பல கோவில்காடுகளில் விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் இன்று நமக்குப் பார்க்க ஒரு காயா இருக்கிறது. கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் இந்தச் செடி விறகுக்கும் கருவிகளின் கைப்பிடிக்கும் போய்விட்டது. கெட்டியான மரம் என்பதால் வெட்டுபவர்களுக்கு இதன்மேல் எப்போதும் கண்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்கு

வளர்க்கலாம், வளர்க்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி மட்டும் வராதீர்கள். வேர் ஆழம், பிழைக்காது, காட்டிலும் ஒன்று குறையும். வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். கடற்கரைக் குறுங்காட்டுச் செடிகளை நெடுங்காலமாக வளர்த்துவரும் ஆரோவில் பிச்சாண்டிகுளம் போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். தோட்டத்தில் வளர்க்கும் யாரிடமாவது பழம் கிடைத்தால், சதையைக் கழுவி நீக்கிவிட்டு அன்றைக்கே விதையுங்கள். காயவைத்துச் சேமித்த விதை முளைப்பது அரிது. மணலும் மக்கிய இலைத்தழையும் கலந்த பையில் போட்டு நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம், பையைக் கொட்டிவிடாதீர்கள்.

வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். அதை வியாதி என்று நினைத்து உரத்தைக் கொட்ட வேண்டாம். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, மேற்கு வெயில் நேராக அடிக்காத பக்கத்தில், சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நடுங்கள். முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் இருமுறை தண்ணீரும் அடியில் கனமான சருகு மூடாக்கும் கொடுத்துவிட்டால், அதன்பிறகு மதுரை வெயிலை அது தானே தாங்கிக்கொள்ளும். கத்தரிக்க வேண்டியிருந்தால் பூத்து முடிந்த பிறகு நுனிகளை மட்டும் வெட்டுங்கள். பழைய குச்சிகளை அழகுக்காக வெட்டிவிட்டால் அடுத்த சித்திரையில் பூ வருவதற்குக் கணுக்கள் இருக்காது.